தபாலாபீஸ் எப்போது வந்தது, கட்டடம் எப்போது எழுந்தது?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பழைய தபாலாபீஸ் இருக்கிறது. 1854-ல் வெள்ளைக்காரன் கட்டியது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு. 1854 உண்மையா, இது எந்தப் பாணி, காப்பாற்ற வழி உண்டா என்று மூன்று படங்களைப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது: ஒரு கட்டடத்தின் வயதைத் தெரிந்துகொள்ள ஊர்ப்பேச்சை நம்புவதா, காகிதத்தை நம்புவதா, கட்டடத்தையே நம்புவதா? நான் கட்டடத்தின் கட்சி. காகிதம் அதற்குத் துணைக்கு வரும். ஊர்ப்பேச்சு எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

நான் சிவில் படித்தவன். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே பிழைப்பாகிப்போனது. பாளையங்கோட்டையில் மிஷன் காலத்து வீடுகள், கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்து வீடுகள் என்று மச்சைப் பிரித்துப் பார்த்த பழக்கம் உண்டு. தபாலாபீஸ் பழக்கம் தாய்மாமா வழியில் வந்தது. அவர் சப் போஸ்ட்மாஸ்டர். குடியிருப்பு ஆபீஸின் பின்கட்டிலேயே. லீவு விட்டால் நாங்கள் அங்கேதான் கிடப்போம். எந்த மூலையில் முத்திரை குத்துவார்கள், எந்த மூலையில் அரக்கு உருக்குவார்கள் என்பதெல்லாம் பார்த்துப் பழகியவை. ஆனால் உங்கள் கட்டடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. படத்தை வைத்துச் சொல்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 1854. அந்த வருஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அது இந்தியத் தபால் துறைக்கே பிறந்த வருஷம் மாதிரி. கம்பெனி அரசு 1837-ல் தபாலுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தது. அதற்கும் முன்னால் 1786-லேயே சென்னையில் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் திறந்தாயிற்று. ஆனால் அப்போதெல்லாம் எடைக்கும் தூரத்துக்கும் கணக்குப் பார்த்துக் கூலி வாங்கினார்கள். 1854-ல் வந்த சட்டம்தான் தூரக்கணக்கைத் தூக்கிப்போட்டது. கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டில் எங்கே போனாலும் அரையணா. அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி நாடு முழுமைக்கும் ஒரே தபால்தலை நடைமுறைக்கு வந்தது. இந்த வருஷத்தைத் துறையின் வரலாறு பற்றிய எந்தப் பலகையிலும், எந்த விழா மலரிலும் பார்க்கலாம். யாரோ ஒருவர் துறையின் வருஷத்தை எடுத்து உங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் 1854-ல் கம்பெனி அரசு உங்கள் ஊர் அளவுள்ள ஊரில் தபாலுக்கென்று காரைக் கட்டடம் எழுப்பியிருக்கும் என்பதை, வலுவான ஆதாரம் யாராவது காட்டாதவரை நம்பமாட்டேன்.

ஏனென்றால் ஆபீஸின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு. இதைப் பெரும்பாலோர் குழப்பிக்கொள்கிறார்கள். தபாலாபீஸ் என்பது ஒரு முத்திரை, ஒரு தராசு, ஒரு பெட்டி, ஒரு மனிதர். அது ஒரு திண்ணையில் ஆரம்பித்து, பத்து வருஷம் கழித்து எதிர்வீட்டுக்குப் போய், அப்புறம் கடைத்தெருவுக்கு வந்து நிற்கும். இன்றைக்கும் சின்ன ஊர்களில் துறை வாடகைக் கட்டடத்தில்தான் நிறைய ஆபீஸ்களை நடத்துகிறது. சென்னைக் கடற்கரைச் சாலையில் ராபர்ட் சிஸம் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த பெரிய தபாலாபீஸ் எழுந்ததே 1884 வாக்கில்தான். தலைநகரத்துக்கே அதுவரை அப்படியொரு மாளிகை இல்லை. சொந்தக் கட்டடம் என்பது பெரிய ஊர்களுக்குக் கிடைத்த பாக்கியம். மற்ற ஊர்களில் வசதியுள்ள ஒரு குடும்பம் தன் வீட்டையோ கிட்டங்கியையோ வாடகைக்கு விடும். வீட்டுக்காரருக்கு மாதம் பிறந்தால் சர்க்கார் வாடகை. அந்தக் காலத்தில் அதில் ஒரு கௌரவமும் உண்டு.

உங்கள் இரண்டாவது படம் இதைத்தான் சொல்கிறது. கூடத்தின் நடுவில் நான்கு மரத்தூண்கள் சதுரமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் கருங்கல் பாதம். தூண்களுக்கு நடுவே உள்ள தரை மட்டும் சிமெண்ட் நிறத்தில் வேறாகத் தெரிகிறது. தலைக்கு மேலே அந்தச் சதுரத்தை மட்டும் தகரம் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். தபாலாபீஸுக்கென்று பொதுப்பணித்துறைக்காரர் வரைந்த எந்தக் கூடத்திலும் நடுவில் நான்கு தூண் வராது. வந்தால் கடிதம் பிரிக்கிற மேசை போட இடமிருக்காது. அது முற்றம். மழைத்தண்ணீர் விழுந்து ஓடிய பள்ளத்தைப் பின்னால் மண் கொட்டி நிரவி, சிமெண்ட் பூசி, மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். அதே படத்தில் வலது ஓரம், கடிதம் அடுக்கும் மர அறைப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் சின்னதாக ஒரு வளைவுக் குழி தெரிகிறதா? மாடக்குழி. விளக்கு வைத்தது. அதன் உட்புறம் இன்னும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கிறது. ஆக, இது ஒரு குடும்பம் குடியிருந்த முற்ற வீடு. பிறகு தபாலாபீஸ் ஆனது. இதை உறுதியாகவே சொல்வேன்.

இப்போது அண்ணாந்து பார்ப்போம். கட்டடத்தின் வயதைச் சொல்வதில் கூரைக்கு நிகரில்லை. சுவருக்குப் புதுச்சாயம் அடிப்பார்கள், தரைக்கு டைல்ஸ் போடுவார்கள், கூரையின் அடியை யாரும் தொடமாட்டார்கள். உங்கள் படத்தில் பச்சைச் சாயம் அடித்த தேக்குக் கட்டைகள் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடுகின்றன. கட்டைகளுக்கு நடுவே சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய செங்கற்கள் குறுக்குச்சாய்வாகத் தெரிகின்றன. இதுதான் மெட்ராஸ் டெரஸ். சாதாரணச் செங்கல்லைவிடச் சின்னதாக, ஒரு அங்குலக் கனத்தில் தனியாக அறுத்துச் சுட்ட கல். அதைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, கட்டைக்குக் கோணலாக வரிசை பிடித்துச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப்பலகை கிடையாது. முந்தின கல்லில் ஒட்டியே அடுத்த கல் நிற்கும். அது காய்ந்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளிப்பார்கள். நம் பக்கம் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டிதான் கைக்குக் கிடைத்தது. கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்தால் மட்டப்பா என்கிற தட்டைக் கூரை தயார்.

ஒரு முறை இப்படியொரு கூரையின் உடைந்த மூலையைப் பிரிக்கும்போது, உடனிருந்த வயசான கொத்தனார் அண்ணாச்சி ஒரு காரைக்கட்டியை எடுத்து நகத்தால் சுரண்டி, "சார், இது சிப்பிச் சுண்ணாம்பு இல்ல, சுக்கான் கல்லு. சிப்பின்னா இன்னும் வெள்ளையா இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. கரிசல் ஓரங்களில் கிடைக்கும் சுக்கான் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு கொஞ்சம் பழுப்பாக இருக்கும், ஆனால் கெட்டிப்படும், கட்டுவேலைக்கு அது. தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பியைச் சுட்டது வெண்ணெய் மாதிரி வெள்ளை, மேல்பூச்சுக்கு அது. உங்கள் கட்டடத்தில் உதிர்ந்த கட்டி ஒன்றை எடுத்து ஆணியால் கீறிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்து, நடுவே வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்து நின்றால் சிமெண்ட்.

சிமெண்ட் நம் பக்கத்தில் காலத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு நல்ல கோடு. தாழையூத்தில் சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949-ல் உற்பத்தி தொடங்கியது. அதற்கு முன்னால் சிமெண்ட் வரவே இல்லை என்று சொல்லமுடியாது, வந்தது. ஆனால் உள்ளூர்க் கொத்தனார் சுண்ணாம்புச் செக்கை மூலையில் போட்டுவிட்டுச் சிமெண்ட் மூட்டையைப் பிரித்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதனால் ஒரு சுவர் உள்ளும் புறமும் சுண்ணாம்பாக இருந்தால் ஐம்பதுகளுக்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம். எவ்வளவு முந்தையது என்பதைச் சுண்ணாம்பு சொல்லாது. அந்தத் தொழில்நுட்பம் நூறு வருஷத்துக்கு மேல் பெரிதாக மாறவேயில்லை.

முகப்புத் தாழ்வாரம் வேறு கதை. முதல் படத்தில் அரைவட்ட வளைவுகளும் செங்கல் தூண்களும் சாய்வான ஓட்டுக்கூரையும் கொண்ட தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் ஊர் இதை வெள்ளைக்காரன் கட்டடம் என்கிறது. மூன்றாவது படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தாழ்வாரத்துப் பக்கச்சுவர் வீட்டுச் சுவரைத் தொடுகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல். அஸ்திவாரம் இறங்கி வந்த விரிசலாக இருந்தால் அது படிப்படியாகக் கோணிக்கொண்டு போகும். இப்படி நேராக இருந்தால், இரண்டு சுவர்களின் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னப்படவில்லை, ஒன்று முதலில் இருந்தது, மற்றது பிறகு வந்து சாய்ந்துகொண்டது என்று அர்த்தம். ஆகத் தாழ்வாரம் வீட்டுக்குப் பிந்தையது. இதுவும் உறுதி.

எவ்வளவு பிந்தையது என்பதில்தான் கவனம் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ஓட்டைத் திருப்பிப் பார்த்தோம், 1865 என்று அச்சில் வார்த்திருக்கிறது, அப்படியானால் 1854-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று. இந்த 1865-ல் ஏமாறாதவர்கள் குறைவு. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய வருஷம் அது. அந்த வருஷத்தையே முத்திரையாக ஓட்டில் போட்டார்கள். முப்பது, நாற்பது வருஷம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே 1865 இருக்கும். அதிலிருந்து எடுக்கக்கூடிய தகவல் வேறு. முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன் தொடர்புள்ள நிறுவனம் என்று ஆங்கில அரசு பாசல் மிஷன் தொழில்களைக் கையகப்படுத்தியது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடந்தன. ஓட்டில் பாசல் மிஷன் பெயர் இருந்தால் ஓடு அதற்கு முந்தையது. காமன்வெல்த் என்றிருந்தால் பிந்தையது. அதுவும் ஓட்டின் வயதுதான். ஓட்டைக் கழற்றி வேறு கூரையில் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். முப்பது ஓட்டையாவது திருப்பிப் பார்த்து, எல்லாம் ஒரே பெயராக இருந்தால் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

இன்னொரு சாட்சி, தாழ்வாரத்து நடுவளைவுக்கு உள்ளே குறுக்காகப் போகும் இரும்பு உத்தரம். துருவேறி, சாயமும் அடித்திருக்கிறது. அதன் நடுப்பட்டையைக் கம்பித்தூரிகையால் நன்றாகத் தேய்த்தால் புடைத்த எழுத்துகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. உருட்டாலையில் வரும்போதே தயாரிப்பாளர் பெயர் அதில் ஏறிவிடும். டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று இங்கிலாந்துப் பெயர் வந்தால் சொல்வதற்கு அதிகமில்லை, நீண்டகாலம் அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டாடா என்று வந்தால் 1912-க்கு முன் போகவே முடியாது; ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்த்ததே அந்த வருஷம்தான். அடுத்து ரயில். மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு 1876-ல் ரயில் வந்துவிட்டது. ஆனால் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை பாதை முடிந்தது 1902, 1903-ல். மங்களூர் ஓடும் இரும்பு உத்தரமும் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்திருக்கலாம்தான், ஆனால் ஒரு வாடகைக் கட்டடத்தின் தாழ்வாரத்துக்கு யாரும் அவ்வளவு செலவழிக்கமாட்டார்கள். ரயிலுக்குப் பிறகு என்பது என் கணிப்பு. தாழ்வாரம் 1905-க்கும் 1930-க்கும் நடுவில். வீடு அதற்கு ஒரு தலைமுறையாவது முன்னால். பந்தயம் கட்டச் சொன்னால் வீட்டை 1880-களில் வைப்பேன். பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை ஆரம்பித்த காலம் அது. அந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் காசு புழங்க ஆரம்பித்தது அப்போதுதான். ஆனால் இது பந்தயம்தான், சாட்சியம் ஆகாது.

வீடு எப்படித் தபாலாபீஸ் ஆனது என்பதைக் கட்டடத்தில் தொட்டுப் பார்க்கலாம். முதல் படத்தில் தாழ்வாரத்து இடப்பக்கம் திண்ணை முழுசாக இருக்கிறது, வலப்பக்கம் பாதியோடு வெட்டியிருக்கிறது. வெட்டிய இடத்தில் தரைமட்டத்துக்கு நின்றுகொள்ளலாம். நேரே எதிரே கம்பிபோட்ட ஜன்னல், அதன் அடியில் கடப்பைக்கல் பலகை. அதுதான் கவுண்டர். அந்தக் கல்லின் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது பாருங்கள், எத்தனை முழங்கை, எத்தனை சில்லறை. தபாலாபீஸ் வெறும் கடிதத்தோடு நின்றிருந்தால் இந்தக் கம்பிக்கே தேவையிருந்திருக்காது. 1879-ல் காலணா கார்டு வந்தது, 1880-ல் மணியார்டர் தபாலாபீஸின் கைக்கு வந்தது, 1882-ல் சேமிப்பு வங்கி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன ஆட்களின் பணம் வீடு வந்து சேர்ந்த வழி இதுதான். பணம் வந்ததும் ஆபீஸுக்குள் ஓர் இருட்டறை தேவைப்பட்டது. இரும்புப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ பதித்துக் காரை போட்டுவிடுவார்கள், தூக்கிக்கொண்டு போகமுடியாதபடி. உங்கள் கட்டடத்தில் கூடத்துக்கு அடுத்த ஜன்னல் இல்லாத அறையின் தரையில், சதுரமாகப் பெயர்த்தெடுத்த வடு இருக்கிறதா என்று பாருங்கள். வீடாக இருந்தபோது அது நெல் குதிர் அறையாக இருந்திருக்கும். பணம் இருக்கிற இடத்தில் பொறுப்பானவர் ராத்திரி படுத்திருக்கவேண்டும் என்பதால்தான் போஸ்ட்மாஸ்டர் குடியிருப்பு பின்கட்டிலேயே அமைந்தது. மாமா வீட்டில் ராத்திரி வெளிக்குப் போக எழுந்தாலும் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பார்.

தந்திக்கும் ஒரு தடயம் இருக்கிறது. தாழ்வாரத்து இறவாரத்துக்குக் கீழே, வலது மூலையில், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இரண்டு கவிழ்ந்தபடி இரும்புக்கொக்கியில் நிற்கின்றன. தந்திக்கம்பி உள்ளே நுழைந்த இடம் அதுதான். 1880-களிலிருந்தே தபாலாபீஸ்களில் தந்தியையும் சேர்க்க ஆரம்பித்தார்கள், 1914-ல் இரண்டு இலாகாவும் ஒன்றாயின, 1985-ல் பிரிந்தன, 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. இடிக்கிறவர்கள் முதலில் எறிவது இந்தக் கிண்ணங்களைத்தான். கழற்றி யாராவது பத்திரப்படுத்துங்கள்.

பாணி என்ன என்று கேட்டீர்கள். இந்தோ சாரசெனிக் என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். இல்லை. வளைவு இருந்தாலே சாரசெனிக் ஆகிவிடாது. அதற்குக் குவிமாடம், கூர்வளைவு, தூபி என்று தனிச் சாமான்கள் உண்டு. இங்கே முன்பக்கம் அன்றைய பொதுப்பணித்துறை கச்சேரி (சர்க்கார் அலுவலகம்), சத்திரம், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் போட்ட அலங்காரமில்லாத வளைவுத் தாழ்வாரத்தின் நகல். பின்பக்கம் அச்சு அசல் திருநெல்வேலி முற்ற வீடு. முகப்பு சர்க்கார் மாதிரி இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் உள்ளூர்க் கொத்தனாரை வைத்துக் கட்டியிருக்கலாம். வளைவுகள் மூன்றும் ஒரே அகலமாக இல்லாததைப் பார்த்தால் வரைபடத்தோடு வந்த மேஸ்திரி வேலையாகத் தெரியவில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தில் பிடித்ததே அந்தக் கோணல்தான்.

ஒரு சின்ன இடைச்செருகல். யாரோ செங்கோட்டைத் தபாலாபீஸை ஒப்பிட்டிருந்தார்கள். அது வேறு வரலாறு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு, கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. திருவிதாங்கூருக்கு அஞ்சல் என்று தனித் தபால் உண்டு, 1888 முதல் சங்கு முத்திரையோடு தனித் தபால்தலையும் உண்டு. 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு கலந்தது. அங்கே ஒரு பழைய கட்டடத்தைத் தபாலாபீஸ் என்றால் யாருடைய தபால் என்று முதலில் கேட்கவேண்டும். உங்கள் ஊருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சரி, காகிதம். அந்தக் கட்டடத்தின் பத்திரத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். வாரிசுத் தகராறு இருந்தால் அது வெளியே வராது. அதைவிடச் சுலபமான வழி அக்கம்பக்கத்து வீடுகளின் பத்திரம். நான்கெல்லை எழுதும்போது "தபாலாபீஸ் கட்டடத்துக்கு மேற்கு" என்றோ, "இன்னார் வீட்டுக்கு மேற்கு" என்றோ எழுதியிருப்பார்கள். ஒரே மனையின் அடுத்தடுத்த பத்திரங்களில் "இன்னார் வீடு" என்பது எந்த வருஷத்துக்கும் எந்த வருஷத்துக்கும் நடுவில் "தபாலாபீஸ்" ஆகிறது என்று பார்த்தால் போதும், மாறிய காலம் கைக்கு வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையது. பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்லவேண்டும். பதிவு அலுவலகப் புத்தகங்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1908 மார்ச் 13-ம் தேதி, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலி கொதித்தெழுந்தபோது, டவுனில் இருந்த சர்க்கார் கட்டடங்கள் எல்லாம் தாக்கப்பட்டன, தட்டுமுட்டுச் சாமான்களும் ஆவணங்களும் எரிந்தன, நகராட்சி அலுவலகம் எரிந்தே போனது. சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்குத்தான் சேதமில்லை என்று அரசின் அறிக்கையே சொல்கிறது. சொந்தப் பத்திரம் உள்ளே இருக்கிறது என்ற நினைப்போ என்னவோ.

துறையிடமிருந்து தகவல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், அதையும் போஸ்டல் ஆர்டராகவே கட்டலாம். உங்கள் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி மூன்றே கேள்வி கேளுங்கள்: கட்டடம் துறைக்குச் சொந்தமா வாடகையா, கைவசம் உள்ள பழைய வாடகை ஒப்பந்தத்தின் தேதி என்ன, எந்தத் தேதியில் காலி செய்தார்கள். "வரலாறு தருக" என்று கேட்டால் "ஆவணம் இல்லை" என்று ஒருவரியில் பதில் வரும். குறிப்பான காகிதத்தைக் கேட்டால்தான் குறிப்பான பதில் வரும். இன்னொன்று, வீடுகளில் கிடக்கும் பழைய கார்டுகளையும் கவர்களையும் சேர்த்துப் பாருங்கள். பின்பக்கம் விழுந்த முத்திரையில் ஊர்ப்பெயரும் தேதியும் இருக்கும். ஆபீஸ் எப்போது இருந்தது என்பதற்கு அது சாட்சி. கட்டடத்துக்குச் சாட்சியாகாது என்பதை மறக்கவேண்டாம்.

காப்பாற்றுவது பற்றி இனிப்பாக எதுவும் சொல்லமுடியவில்லை. நூறு வருஷம் தாண்டினாலே சட்டம் வந்து காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1958-ம் வருஷத்துத் தொல்லியல் சட்டத்தில் நூறு வருஷம் என்பது தகுதி மட்டுமே. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு அறிவித்தால்தான் பாதுகாப்பு. முகப்பை மாற்றிய ஒரு முற்ற வீட்டை அப்படி அறிவிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அதன் கீழ் மனுக் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் வாடகைக் கட்டடம் என்றால் உண்மையில் முடிவு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவரிடம் போய் வரலாறு பேசுவதைவிடக் கணக்குப் பேசுவது மேல். முன்தாழ்வாரத்தையும் கூடத்தையும் வைத்துக்கொண்டு பின்கட்டில் கடை கட்டினால் எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுபோங்கள். எனக்குத் தெரிந்து இப்படிப் பாதி தப்பிய கட்டடங்கள் உண்டு, மனுப்போட்டு முழுசாகத் தப்பியவற்றைவிட அதிகம். எது நடந்தாலும் அதற்கு முன்னால், நெல்லையில் சிவிலோ கட்டடக்கலையோ படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிவந்து டேப் பிடித்து அளந்து வரைந்துவிடுங்கள். இரண்டு நாள் வேலை.

பழுதுபார்ப்பதானால் சிமெண்ட் பூசவேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டையும் எனாமல் சாயத்தையும் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று உப்பு பூத்து, இரண்டு மழைக்குள் பூச்சு பொரிந்து செங்கல்லும் மாவாகும். உங்கள் முதல் படத்தில் இடுப்பளவுக்கு நடந்திருப்பது அதுதான். அந்தப் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுச் சுவரைச் சில மாதம் சும்மா விட்டாலே பாதி சரியாகிவிடும். கூரையில் ஒழுகினால் மேலே புதுக் கான்கிரீட் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்தத் தேக்குக் கட்டைகள் அந்தப் பாரத்துக்கு இல்லை. உடைந்த தட்டோட்டை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பில் மாற்றிப் பதித்து, தண்ணீர் வடியும் துளையைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் கவனியுங்கள். ஆள் ஏறி வேரோடு பிடுங்கினால் சுவரும் கூடவே வரும். சுவரோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் காய்ந்து சுருங்கும்வரை விட்டு, அப்புறம் அந்தப் பிளவில் நீர்த்த சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி அடையுங்கள்.